துப்பாக்கி முனையில் மாட்டும் ‘பிஎஃப்ஏ’ குண்டைத் தடுக்குமா?

தேசிய சேவை முடித்த அண்ணன், மாமா யாரையாவது கேட்டுப் பாருங்க. “பயிற்சியில துப்பாக்கி முனையில ஒண்ணு மாட்டுவீங்களே, அது எதுக்கு?” “அதுவா, பிஎஃப்ஏ. சேஃப்டிக்கு” என்று பதில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. இன்னும் கொஞ்சம் கிளறினால், “தப்பித் தவறி நிஜத் தோட்டா உள்ளே போயிட்டா அது தடுத்திடும்” என்றும் சிலர் சொல்லக்கூடும்.

முதல் பதில் பாதி சரி. இரண்டாவதை நம்பி யாரும் துப்பாக்கிக்கு எதிரே நிற்கக் கூடாது.

பிஎஃப்ஏ என்பது பிளாங்க் ஃபயரிங் அட்டாச்மெண்ட். வெற்றுத் தோட்டா சுடும்போது துப்பாக்கிக் குழலின் வாயில் பொருத்தப்படும், கைக்குள் அடங்கும் ஓர் இரும்புக் கருவி. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் விதத்தில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது: ஒரு பொருள் “பாதுகாப்பானது” என்று எப்போது சொல்லலாம்?

சிங்கப்பூரில் 1967ஆம் ஆண்டு முதல் தேசிய சேவை நடப்பில் இருக்கிறது. புலாவ் தெக்கோங்குக்குப் படகேறும் இளையர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடுவதே அங்கேதான் முதல்முறை. சுடுதளத்தில் நிஜத் தோட்டா. அங்கே எல்லாத் துப்பாக்கியும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். முன்னால் மண்மேடு, பின்னால் கண்காணிக்க ஆட்கள். காட்டுக்குள்ளும் பயிற்சிக் கட்டடங்களுக்குள்ளும் நடக்கும் பயிற்சிகளில் வெற்றுத் தோட்டா. யோசித்துப் பாருங்க, இந்த இரண்டாவது வகைப் பயிற்சியில்தான் துப்பாக்கியின் வாய் சக மனிதர்களை நோக்கித் திரும்புகிறது.

“வெற்று” என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும்

வெற்றுத் தாள் என்றால் அதில் எதுவும் எழுதியிருக்காது. வெற்றுப் பாத்திரம் என்றால் உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் வெற்றுத் தோட்டா காலியானது கிடையாது. அதில் உலோக உறை உண்டு, வெடிமருந்து உண்டு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் உண்டு. குண்டு மட்டும்தான் இல்லை. அமெரிக்க ராணுவம் பயன்படுத்தும் எம்200 என்ற 5.56 மில்லிமீட்டர் வெற்றுத் தோட்டாவின் நுனி, பூ மொட்டைப் போல மடித்து மூடப்பட்டு, ஊதா நிறம் பூசப்பட்டிருக்கும். இருட்டில்கூட விரலால் தடவிப் பார்த்தால் கூரான குண்டு இல்லை என்று தெரிந்துவிடும்.

தமிழ்ச் செய்திகளில் இதைச் சில நேரம் “போலித் தோட்டா” என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு. போலித் தோட்டாவில், அதாவது டம்மியில், வெடிமருந்தே இருக்கக் கூடாது. மேகசினில் தோட்டா நிரப்பப் பழகவும் படப்பிடிப்பில் காட்டவும் வைத்திருப்பது. நிஜம், வெற்று, போலி மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டதால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். அதைக் கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

அப்போ அந்தக் கருவி என்னதான் செய்கிறது?

தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களில் பெரும்பாலானவை வாயு அழுத்தத்தால் இயங்குபவை. மருந்து எரிகிறது, வாயு விரிகிறது, குண்டைக் குழலுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. குண்டு ஒரு தக்கையைப் போலக் குழலை அடைத்துக்கொண்டு ஓடுவதால் அதன் பின்னால் அழுத்தம் ஏறுகிறது. அந்த வாயுவில் ஒரு பகுதி குழலில் உள்ள சின்னத் துளை வழியாகப் பிரிந்து, துப்பாக்கியின் உள்பாகங்களைப் பின்னோக்கித் தள்ளும். பழைய உறை வெளியே விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

வெற்றுத் தோட்டாவில் தக்கை இல்லை. வாயு நேராக வாய் வழியே ஓடிவிடும். துளையில் அழுத்தம் போதாது. துப்பாக்கி ஒருமுறை சத்தம் போட்டுவிட்டு அப்படியே நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்ற வேண்டும். பிஎஃப்ஏ செய்வது என்ன என்றால், குழலின் வாயைக் கிட்டத்தட்ட மூடிவிட்டு, ஒரு சின்ன ஓட்டை மட்டும் விடுகிறது. வாயு உடனே தப்பிக்க முடியாமல் அழுத்தம் ஏறுகிறது. துப்பாக்கி வழக்கம்போல இயங்குகிறது.

ஆக, துப்பாக்கியை ஓட வைப்பதுதான் இதன் முதல் வேலை. பாதுகாப்பு இரண்டாவது. வெளியே பாயும் வாயுவையும் எரியாத மருந்துத் துகள்களையும் இது ஓரளவு தடுத்துச் சிதறடிக்கும். மாட்டியிருக்கிறது என்றால் இந்தத் துப்பாக்கியில் இருப்பது பயிற்சித் தோட்டா என்று தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். அமெரிக்க ராணுவம் எம்16 ரைஃபிளுக்குச் சிவப்பு நிறக் கருவியும், எம்4 ரைஃபிளுக்கு மஞ்சள் நிறக் கருவியும் வைத்திருக்கிறது. நிறம் வேறுபடுவது அழகுக்காக இல்லை. எம்16இன் குழல் 508 மில்லிமீட்டர் நீளம், எம்4இன் குழல் சுமார் 368 மில்லிமீட்டர். குழல் நீளம் மாறினால் வாயு ஓட்டம் மாறும். ஒன்றுக்குப் பொருந்தும் கருவி இன்னொன்றுக்குச் சரிவராது.

இதிலிருந்தே சோதனைக்கான முதல் விதி கிடைத்துவிடுகிறது. கருவியை மட்டும் தனியாகச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்க முடியாது. இந்தத் துப்பாக்கி, இந்தத் தோட்டா, இந்தக் கருவி என மூன்றும் சேர்ந்த ஜோடனையைத்தான் சோதிக்க வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் பழைய முடிவு செல்லாது.

சினிமாத் தளத்தில் நடந்தவை

வெற்றுத் தோட்டா எப்படியெல்லாம் ஆளைக் கொல்லும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சிகள் ராணுவத்தைவிடத் திரையுலகில்தான் அதிகம் பேசப்பட்டிருக்கின்றன. அங்கே பயன்படுத்தியவை ரிவால்வர்கள். அவற்றுக்கு பிஎஃப்ஏ தேவையே இல்லை, ஏனெனில் வாயு அழுத்தத்தால் அவை இயங்குவதில்லை. ஆனால் ஆபத்தின் வேர் ஒன்றுதான்.

1984ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க நடிகர் ஜான்-எரிக் ஹெக்ஸம் படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா நிரப்பிய ரிவால்வரைத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து விளையாட்டாகச் சுட்டார். குண்டு இல்லை. வெளியே பாய்ந்த வேகமே மண்டையோட்டை உடைத்தது. சில நாள்களில் இறந்தார். வயது 26.

புரூஸ் லீயின் மகன் பிரண்டன் லீ இறந்தது 1993 மார்ச் 31. இந்தக் கதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. முதலில் வேறொரு காட்சிக்காக ரிவால்வரில் போலித் தோட்டாக்களைப் போட்டிருந்தார்கள். நிஜத் தோட்டாவிலிருந்து மருந்தை மட்டும் கொட்டிவிட்டு, பிரைமரை எடுக்காமல் விட்டுத் தயாரித்த போலித் தோட்டாக்கள் அவை. அந்தப் பிரைமரின் சின்ன வெடிப்பே ஒரு குண்டைக் குழலுக்குள் தள்ளிவிட்டது. அது அங்கேயே சிக்கிக்கொண்டது. யாரும் குழலைப் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது, அதன் வாயு சிக்கியிருந்த குண்டை வெளியே தள்ளியது. போலியும் வெற்றும் சேர்ந்து ஒரு நிஜத் தோட்டாவாகிவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே “ஆபத்தில்லாதவை”.

2021 அக்டோபர் 21, ‘ரஸ்ட்’ படப்பிடிப்பு. போலித் தோட்டாக்கள்தான் இருக்கின்றன என்று நினைத்த ரிவால்வரில் ஒரு நிஜத் தோட்டா இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார், இயக்குநர் காயமடைந்தார். படத்தின் ஆயுதப் பொறுப்பாளர் 2024இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

வாயுவே ஆயுதமாவது, குழலில் அடைப்பு, நிஜத் தோட்டா கலப்பது. ராணுவ ரைஃபிளில் வெற்றுத் தோட்டாவைச் சோதிப்பவர்கள் கவலைப்படும் மூன்றும் இவைதான். பிஎஃப்ஏ மாட்டினால் ஒரு திருப்பம் கூடுதலாக வருகிறது: குழலின் வாயை நாமே வேண்டுமென்று அடைக்கிறோம்.

நிஜத் தோட்டா உள்ளே போனால்?

ஒரு சின்னக் கணக்கு. 5.56 மில்லிமீட்டர் நேட்டோ ரகக் குண்டு சுமார் 4 கிராம் எடை. வேகம் வினாடிக்கு 900 மீட்டருக்கும் மேல். அதன் இயக்க ஆற்றல் 1,700 ஜூலைத் தாண்டும். புரியும்படி சொன்னால், 18 கிலோ எடையுள்ள ஒரு பொருளை வீவக புளோக்கின் நான்காவது மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையில் மோதும்போது இருக்கும் ஆற்றல். அது அத்தனையும் ஒரு சுண்டுவிரல் நுனி அளவுப் பரப்பில், அந்தச் சின்ன இரும்புக் கருவியின் மீது இறங்கும்.

பல விதமாக முடியலாம். கருவி பிய்த்துக்கொண்டு முன்னே பறக்கலாம்; அப்போது ஓர் ஏவுகணைக்குப் பதில் இரண்டு. கருவி உடைந்து பக்கவாட்டில் சிதறலாம். குழலின் முனை வீங்கிப் பிளக்கலாம். குண்டு ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு வெளியேறி, வேகம் குறைந்தாலும் ஆளைக் கொல்லும் வலுவோடு போகலாம். அல்லது, வடிவமைப்பு நன்றாக இருந்து அதிர்ஷ்டமும் இருந்தால், கருவிக்குள்ளேயே நசுங்கி நிற்கலாம். இந்தக் கடைசி முடிவைக் குறிவைத்தே தடித்த எஃகுப் பெட்டி போலச் சில கருவிகளை வடிவமைக்கிறார்கள். அவையும் ஒரு தோட்டாவுக்கு மட்டும்தான். தொடர்ச்சியாகச் சுடும் நிலையில் விரல் அழுத்திக்கொண்டிருந்தால், இரண்டாவது தோட்டா வரும்போது கருவி ஏற்கெனவே சிதைந்திருக்கும்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு இதில் இன்னொரு விஷயம் உண்டு. நம் ஆயுதப் படையின் எஸ்ஏஆர் 21, இங்கேயே வடிவமைத்து 1999இல் அறிமுகமான ரைஃபிள். அது ‘புல்பப்’ வகை. தோட்டா வெடிக்கும் அறை விசைக்குப் பின்னால், சுடுபவரின் கன்னத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நீளம் குறைந்தாலும் குழல் அதே 508 மில்லிமீட்டர். காட்டுக்குள்ளும் வாகனத்துக்குள்ளும் இது வசதி. ஆனால் ஏதாவது தவறாகி அறை வெடித்தால் முகம்தான் பக்கத்தில் இருக்கும். அதைத் தெரிந்தே அதன் வடிவமைப்பாளர்கள் அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு துளையையும், கன்னம் படும் இடத்தில் கெவ்லார் தகட்டையும் சேர்த்தார்கள். தவறு நடக்கவே நடக்காது என்று நம்பியிருந்தால் இந்த இரண்டுக்கும் தேவை இருந்திருக்காது.

சரி, சோதனை எப்படி நடக்கும்?

துப்பாக்கியை வெடிக்க வைத்துச் சோதிப்பது பழைய பழக்கம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 1813இல் நிறுவப்பட்ட குழல் சோதனைக் கூடம் இன்றும் இயங்குகிறது. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, குழல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். 1917இல் நிறுவப்பட்ட அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத் தளமும் ஆயுதங்களைச் சோதித்துவருகிறது. வெற்றுத் தோட்டாக் கருவிக்கான சோதனையும் இதே மரபில் வந்ததுதான். ஆனால் குழல் தாங்கியதா என்பதோடு நின்றுவிட முடியாது. முன்னால் இருப்பவனுக்கு என்ன ஆகும் என்றும் பார்க்க வேண்டும்.

முதல் கட்டம் சலிப்பான வேலை. கருவியை அளப்பது, எடை போடுவது, எக்ஸ்-ரே எடுத்து உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. புதுத் துப்பாக்கியிலும் தேய்ந்த துப்பாக்கியிலும் மாட்டிப் பார்ப்பது. பல வருடம் உழைத்த துப்பாக்கியின் முனையில் கருவி அதே இறுக்கத்தோடு உட்காராமல் போகலாம். சேற்றுக் கையோடு, கையுறையோடு, இருட்டில் மாட்டினால் சரியாக மாட்ட முடிகிறதா? தப்பாக மாட்டினாலும் சரியாக மாட்டியது போலத் தெரிகிறதா? கடைசிக் கேள்விக்கு “ஆமாம்” என்று பதில் வந்தால் வடிவமைப்பு மேசைக்குத் திரும்ப வேண்டியதுதான். முதல் வாரத்தில் இருக்கும் ரெக்ரூட், தூக்கம் இல்லாத மூன்றாம் நாளில் அதை மாட்டுவார் என்பதை மனத்தில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து சுடுவது. தோட்டா அறையிலும் குழலிலும் உணர்கருவிகளைப் பொருத்தி அழுத்தத்தை அளப்பார்கள். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் மருந்து வேறு வேறு வேகத்தில் எரியும். நேட்டோ நாடுகள் ரைஃபிள் தோட்டாக்களை மைனஸ் 54 டிகிரி முதல் 52 டிகிரி செல்சியஸ் வரை வைத்துப் பார்ப்பது இதனால்தான். நமக்கு மைனஸ் 54 தேவைப்படாது. ஆனால் வெயிலில் நின்ற லாரியின் மூடிய பெட்டிக்குள் 52 டிகிரி ஒன்றும் அதிசயம் இல்லை. அதோடு மழை, மணல், சேறு, உப்புக்காற்று. ஆயிரக்கணக்கில் சுட்டபின் கருவி தளர்கிறதா, கரி படிந்து ஓட்டை சுருங்குகிறதா என்றும் கவனிப்பார்கள். ஓட்டை சுருங்கினால் அழுத்தம் ஏறும். அரித்து அகலமானால் துப்பாக்கி ஓடாது. சாயம் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் கோடாகத் தெரிந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த சோதனை ரொம்ப எளியது. துப்பாக்கியின் முன்னாலும் இரு பக்கங்களிலும், குறிப்பிட்ட தூரங்களில் அட்டையோ மெல்லிய தகடோ நிறுத்தி வைப்பார்கள். நிறையச் சுடுவார்கள். பிறகு ஒவ்வோர் அட்டையையும் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். எத்தனை ஓட்டை? எந்தத் தூரம் வரை? பதிந்திருப்பது மருந்துத் துகளா, உறையின் நுனியிலிருந்து பிய்ந்த உலோகத் துணுக்கா, கருவியின் துண்டா? தோலுக்கும் கண்ணுக்கும் பதிலாக ஜெலட்டின் கட்டிகளையும் வைப்பது உண்டு. பிஎஃப்ஏ வாயுவைத் திசை திருப்புவதால், முன்னால் இருப்பவரைக் காப்பாற்றிவிட்டுப் பக்கத்தில் படுத்திருப்பவரின் முகத்தில் அடிக்கவும் வாய்ப்புண்டு. பக்கவாட்டு அட்டைகள் அதற்குத்தான். சத்தத்தையும் அப்படியே பல இடங்களில் அளக்க வேண்டும். காதுக்குப் பாதுகாப்பு இல்லாமல் திடீர் வெடிச்சத்தத்துக்கான உச்சவரம்பாகப் பலரும் வைத்திருக்கும் அளவு 140 டெசிபல். ரைஃபிள் சத்தம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

கடைசியாக, தவறான பயன்பாட்டுச் சோதனை. துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் இறுக்கி, தடித்த சுவர் கொண்ட அறைக்குள் வைத்து, பிஎஃப்ஏ மாட்டி, வேண்டுமென்றே நிஜத் தோட்டாவை ஏற்றுவார்கள். ஆட்கள் சுவருக்குப் பின்னால். விசையைக் கயிற்றாலோ கருவியாலோ இழுப்பார்கள். அதிவேகக் கேமரா எல்லாத் துண்டும் எந்தப் பக்கம், எந்த வேகத்தில் போகிறது என்று பதிவு செய்யும். சுடும் ஆளின் தலை இருக்க வேண்டிய இடத்திலும் ஓர் அட்டை இருக்கும்.

பத்து முறை தப்பித்தால் போதுமா?

இங்கேதான் சிக்கல். இந்தச் சோதனை ஒவ்வொன்றும் ஒரு துப்பாக்கியைத் தின்றுவிடும். ஆயிரம் துப்பாக்கியை உடைத்துப் பார்க்க யாராலும் முடியாது. ஓர் உதாரணத்துக்கு, பத்து முறை செய்து பார்த்தோம், பத்திலும் கருவி குண்டைப் பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு நூறு! அறிக்கையில் எழுத நன்றாக இருக்கும்.

ஆனால் அந்தக் கருவி உண்மையில் நான்கில் ஒருமுறை தோற்கும் ரகமாக இருந்தாலும், தொடர்ந்து பத்து முறை தப்பிக்க நூற்றில் ஐந்தாறு வாய்ப்பு இருக்கிறது. அதாவது பத்துக்குப் பத்து என்ற முடிவை வைத்துக்கொண்டு, “நான்கில் ஒருமுறை தோற்கும்” என்ற சந்தேகத்தைக்கூட முழுமையாகத் தள்ளிவிட முடியாது. புள்ளியியலில் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, ‘ரூல் ஆஃப் த்ரீ’ என்பார்கள். ஒருமுறைகூடத் தோல்வி வராத சோதனையில், மூன்றை மொத்தச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், உண்மைத் தோல்வி விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று 95 விழுக்காட்டு நம்பிக்கையோடு சொல்லலாம். எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது சரியாக வரும். 300 முறை பிழையின்றி ஓடினால் நூற்றில் ஒன்றுக்குக் கீழே. 3,000 முறை என்றால் ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே. ஒரு படை வருடத்துக்கு ஒரு லட்சம் வெற்றுத் தோட்டா சுடுகிறது என்றால், ஆயிரத்தில் ஒன்று என்பது நூறு முறை.

அதனால் “சோதனையில் தேறிவிட்டது” என்ற வாக்கியத்தைக் கேட்டதும் எழ வேண்டிய கேள்வி “எத்தனை முறை?” என்பது. தடுப்பூசி, மின்-சைக்கிள் பேட்டரி, எதுவாக இருந்தாலும் இதே கேள்விதான்.

நிஜத் தோட்டாவை பிஎஃப்ஏ நிச்சயம் தடுக்கும் என்று எந்தச் சோதனையாலும் நிரூபிக்க முடியாது என்பதால்தான், நிஜத் தோட்டா அங்கே வரவே கூடாது என்பதற்காக அடுக்கடுக்காகத் தடுப்புகள். நிறம் வேறு, நுனி வேறு. வெற்றுத் தோட்டா நீளத்தில் குறைவு என்பதால், நீளமான நிஜத் தோட்டா நுழையவே முடியாத மேகசினைத் தயாரிக்கலாம். நிஜத் தோட்டாவும் வெற்றுத் தோட்டாவும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கையாளப்படாமல் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவரும் தன்னிடம் தோட்டாவோ உறையோ எதுவும் இல்லை என்று வாய்விட்டு உறுதி சொல்ல வேண்டியிருப்பதும் இந்த வரிசையில் சேர்ந்ததுதான். தேசிய சேவை செய்தவர்களுக்கு அந்த வாக்கியம் இன்னமும் மனப்பாடமாக இருக்கும். நினைவாக இருக்கட்டும் என்று ஒரு வெற்றுத் தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு ‘புக்-அவுட்’ செய்வது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அந்த ஒரு தோட்டா கணக்கில் குறைந்தால், இன்னொரு பக்கம் ஒரு நிஜத் தோட்டா கணக்கில் கூடியிருக்கிறதா என்ற கேள்வி வருமே, அதுதான் பெரிய பிரச்சினை.

விதியில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது?

எம்16 ரைஃபிளுக்கான அமெரிக்க ராணுவக் கையேடுகள், பிஎஃப்ஏ மாட்டியிருந்தாலும் 20 அடிக்குள், அதாவது சுமார் 6 மீட்டருக்குள், யாரையும் நோக்கி வெற்றுத் தோட்டாவைச் சுடக் கூடாது என்கின்றன. மருந்துத் துகள்களும் உறைத் துணுக்குகளும் காயப்படுத்தலாம் என்பதே காரணம். இந்த மாதிரி எண்கள் சார்ஜண்ட் ஒருவரின் மனநிலையைப் பொறுத்து வருபவை இல்லை. அட்டையில் கடைசி ஓட்டை எந்தத் தூரத்தில் விழுந்ததோ, அதற்குமேல் கொஞ்சம் இடம் விட்டு எழுதப்படுபவை. ஆறு மீட்டர் என்பது பெரிய வீட்டு வரவேற்பறையின் நீளம். கட்டடத்துக்குள் அறை அறையாக நுழையும் பயிற்சியில் எதிராளி அதைவிடப் பக்கத்தில்தான் இருப்பார். விதியும் பயிற்சியின் வேகமும் மோதும் இடம் அதுதான்.

எண்ணை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வலிக்கும் உதாரணம் சிங்கப்பூரிலேயே இருக்கிறது. அது துப்பாக்கி விவகாரம் இல்லை, புகைக்குண்டு. 2012 ஏப்ரலில் நடந்த ஒரு பயிற்சியில் முழுநேரத் தேசிய சேவையாளர் ஒருவர் புகையைச் சுவாசித்ததால் ஏற்பட்ட கடும் ஒவ்வாமையால் உயிரிழந்தார். அந்தப் பயிற்சியில் இரண்டு புகைக்குண்டுகளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றது பாதுகாப்பு விதிமுறை. வீசப்பட்டவை ஆறு. அப்போதைய தற்காப்பு அமைச்சர் டாக்டர் இங் எங் ஹென் அந்த ஆண்டு நவம்பரில் நாடாளுமன்றத்தில் விசாரணைக் குழுவின் இந்த முடிவைத் தெரிவித்தார். கருவி பழுதில்லை, விதியும் எழுதப்பட்டுத்தான் இருந்தது.

2019இல் ஆயுதப் படைக்குள் பாதுகாப்பைக் கண்காணிக்கத் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அமைக்கப்பட்டது. அது படைத் தலைவருக்கு நேரடியாக அறிக்கை கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த எண்களைப் பின்பற்றப்போகும் 18 வயதுக்காரருக்கு, அந்த எண் ஏன் என்று சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. “ஆறு மீட்டர்” என்று மனப்பாடம் செய்ததை அவசரத்தில் மறக்கலாம். ஓட்டை விழுந்த அட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர் மறப்பது கஷ்டம்.

பிளாங்க் இல்லாமலே பயிற்சி செய்ய முடியாதா?

‘ரஸ்ட்’ சம்பவம் நடந்த சில நாள்களிலேயே ‘த ரூக்கி’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர், இனி நிஜத் துப்பாக்கியே வேண்டாம், காற்றுத் துப்பாக்கியை வைத்து எடுத்துவிட்டு நெருப்பைக் கணினியில் சேர்த்துக்கொள்கிறோம் என்று முடிவெடுத்தது. சினிமாவுக்கு அது போதும். பார்ப்பவர் நம்பினால் சரி.

ராணுவத்துக்கு அப்படி இல்லை. லேசர் கருவிகள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அமெரிக்காவின் ‘மைல்ஸ்’ முறையில் துப்பாக்கியிலிருந்து லேசர் கதிர் போகும், எதிராளியின் உடையில் உள்ள உணர்கருவி “அடிபட்டது” என்று சொல்லும். வேடிக்கை என்னவென்றால், அந்த லேசரைத் தூண்டிவிடுவதே வெற்றுத் தோட்டா வெடிக்கும்போது வரும் சத்தமும் ஒளியும்தான். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிப்பது, தோட்டா சிக்கிக்கொண்டால் எடுத்துவிட்டுத் தொடர்வது, மேகசின் தீர்ந்துபோவதை உணர்வது எல்லாம் வெடிக்காத துப்பாக்கியில் பழக முடியாதவை. அதனால் இன்னும் பல காலத்துக்கு பிஎஃப்ஏ துப்பாக்கிகளின் முனையில் இருக்கத்தான் போகிறது.

அடுத்த முறை அதை மாட்டப்போகிறவர் நீங்களாக இருந்தால், பார்க்க வேண்டியவை சில. மாட்டும் முன் குழல் காலியா என்று பாருங்கள். பிரண்டன் லீ விஷயத்தில் அந்த ஒரு பார்வைதான் விடுபட்டது. கருவி உங்கள் துப்பாக்கிக்கு உரியதா? ஆடுகிறதா? சுடச் சுட அது தளரும், அதனால் நடுநடுவே தொட்டுப் பார்க்க வேண்டும். வெறும் கையால் வேண்டாம், நெருப்பாகக் கொதிக்கும். விரிசல் தெரிந்தால் மாற்றிக் கேளுங்கள். மாட்டிவிட்டோம், இனிமேல் எதிரே இருப்பவர் பத்திரம் என்று மட்டும் நினைத்துவிடாதீங்க. அந்த ஓட்டை சின்னதுதான், ஆனால் மூடவில்லை.